வாசகர் கேள்வி – பதில்: காணிக்கைப் பையும் கணக்குப் புத்தகமும்

அறுப்பின் பண்டிகை நெருங்குவதால் இந்த முறை காணிக்கை, சங்கம் என்கிற சபைச் சந்தா, ஏலம் பற்றியே கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், ஒருவருடைய பெயரையும் போடவில்லை.

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் பொருளாளர் காணிக்கைப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணுவார். அடுத்த ஞாயிறு தொகையை வாசிப்பார். நல்ல மனிதர். ஆனாலும் இப்போது ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருக்கிறது. அவர் மனம் நோகாமல் இதை மாற்ற வழி உண்டா?
— கமிட்டி அங்கத்தினர் ஒருவர், சாத்தான்குளம்

அவர் நல்லவர் என்பதற்காகவே உடனே மாற்றுங்கள். தனியாக எண்ணுகிறவர்மேல் நாளைக்கு ஒருவர் பழி சொன்னால், அவருக்காகச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறார். ‘ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு’ என்று காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-ல் எழுதிவைத்திருக்கிறார்.

அதற்கும் முந்தையது யோவாஸ் ராஜாவின் காலத்து ஏற்பாடு. ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வாங்கிக்கொண்டும், ராஜாவின் 23-ம் வருஷம் வரைக்கும் ஆசாரியர்கள் பழுதுபார்க்கவில்லை. அதன்பின் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தார். பெட்டியில் பணம் சேர்ந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிக் கட்டினார்கள். 2 இராஜாக்கள் 12-ம் அதிகாரத்தைக் கமிட்டி கூட்டத்தில் வாசித்துவிட்டு, ‘அடுத்த மாதம் முதல் ஞாயிற்றிலிருந்து இந்த முறை’ என்று பொதுவாகத் தீர்மானம் போடுங்கள். முதல் கையெழுத்தைப் பொருளாளரே போடட்டும்.

எண்ணுவதற்கு மூன்று பேர் வேண்டும். ஒரே வீட்டாராகவோ நெருங்கிய சம்பந்தக்காரராகவோ இருக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு குழு என்று சுற்றுமுறை வையுங்கள். வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய குருவானவர் அறையில்), கதவைத் திறந்துவைத்து, மேசைமேல் பையைக் கவிழ்த்து எண்ணுங்கள். பை ஆலயத்தை விட்டு வெளியே போகுமுன் எண்ணி முடிக்க வேண்டும். உறைக் காணிக்கையைத் தனியாகப் பிரித்து, உறைமேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் உறையின் மேலேயே குறித்து, இரண்டு பேர் சுருக்கொப்பமிட்டு, உறையைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, கட்டட நிதி, மிஷனெரி காணிக்கை ஒவ்வொன்றுக்கும் தனி வரி. ஒரு காரியத்துக்கென்று கொடுத்ததை வேறொன்றுக்குத் திருப்ப கமிட்டிக்கு உரிமை கிடையாது.

எண்ணிக்கைத் தாளில் நோட்டு வாரியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: 500 ரூபாய் நோட்டு 7, 200 நோட்டு 11, 100 நோட்டு 38, 50 நோட்டு 41, 20 நோட்டு 36, 10 நோட்டு 112, சில்லறை 385, மொத்தம் 13,775. தாளில் மூன்று கையெழுத்து. இரண்டு பிரதி எழுதி, ஒன்று பொருளாளருக்கும் ஒன்று குருவானவருக்கும். திங்கட்கிழமை இந்த 13,775-ம் அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். செலானைத் தாளோடு ஒட்டிவிடுங்கள்.

பெரும்பாலான சபைகள் தவறுவது இந்த ‘அப்படியே’ என்ற இடத்தில்தான். மைக்செட்காரருக்கு 1,200, பூவுக்கு 800 என்று தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதி 11,775-ஐ வரவு வைப்பார்கள். யாரும் திருடவில்லை. ஆனாலும் 2,000 ரூபாய் வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. வருஷத்துக்கு 52 ஞாயிறு இப்படி நடந்தால் தணிக்கையாளருக்கு ஒன்றும் பிடிபடாது, பொருளாளருக்கே நினைவிருக்காது. சில்லறைச் செலவுக்கு 3,000 ரூபாய் கைரொக்கமாகத் தனியே வைத்து, பில் கொடுத்தால் மட்டும் அதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆலய வாசலில் க்யூஆர் அட்டை வைத்திருந்தால், அது சபைக் கணக்கோடு இணைந்ததா, ஒருவருடைய சொந்தக் கணக்கோடு இணைந்ததா என்று இந்த வாரமே பாருங்கள். மாதம் ஒருமுறை இரண்டு பேர் ஆளுக்கு 1 ரூபாய் அனுப்பி, எந்தப் பெயரில் போய்ச் சேருகிறது என்று சரிபார்ப்பது நல்லது. அட்டைக்குமேல் வேறொரு அட்டையை ஒட்டி ஏமாற்றுவது கடைகளிலே நடக்கிற மோசடி, ஆலயத்துக்கும் வரலாம்.

எனக்கு மாதச் சம்பளம் 24,000. பி.எஃப். முதலான பிடித்தம் போகக் கைக்கு 21,400 வருகிறது. தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) எதில் கணக்கிட வேண்டும்? வீட்டில் வட்டிக்கடனும் இருக்கிறது.
— வாசகி, தூத்துக்குடி

கைக்கு வருவதில் கணக்கிடுங்கள். பி.எஃப். பணம் ஒருநாள் உங்கள் கைக்கு வரும். அப்போது அதில் கொடுக்கலாம். மொத்தச் சம்பளத்தில் கொடுக்கிற விசுவாசிகளும் உண்டு, அது அவர்கள் மனவிருப்பம். ‘மொத்தத்தில் கொடுக்காவிட்டால் சாபம்’ என்று யாராவது சொன்னால் அதற்குப் பயப்படாதீர்கள். நியாயப்பிரமாணத்திலே தசமபாகம் விளைச்சலுக்கும் மந்தைக்கும் உரியது. ஆலயப் பணிவிடைக்காரராகிய லேவியர் அதை வாங்கினார்கள். வாங்கிய லேவியரும் அதில் பத்தில் ஒன்றை எடுத்துப் படைக்க வேண்டும் என்று எண்ணாகமம் 18 சொல்லுகிறது. உபாகமம் 14-ன்படி மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியனோடுகூடப் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாவதற்காக வாசல்களில் வைக்கப்பட்டது. ‘தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்’ என்கிற மல்கியா 3:10-ஐ மேடையில் வாசிக்கிறவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

புதிய ஏற்பாட்டில் கொரிந்து சபைக்குப் பவுல் சொன்ன அளவு ‘தன்தன் வரவுக்குத் தக்கதாக’. வாரத்தின் முதல்நாள்தோறும் முதலிலேயே எடுத்துவைக்கச் சொல்லுகிறார். செலவெல்லாம் போக மிச்சத்தைக் கொடுப்போம் என்றிருந்தால், மிச்சம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. சம்பளம் ஏறிய அன்றே காணிக்கைத் தொகையைத் தனி உறையில் போட்டுவிடுங்கள்.

கடன் விஷயத்துக்கு வருவோம். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் 50,000 ரூபாய் கடனுக்கு மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000 வட்டிக்கே போகிறது. இந்தக் கடனை வைத்துக்கொண்டு, காணிக்கை கொடுக்கவென்று இன்னொரு கைமாற்று வாங்குவது வேண்டவே வேண்டாம். கைக்கு வருவதில் இருபதில் ஒன்று, அதாவது 1,070 ரூபாயில் தொடங்குங்கள். பத்தில் ஒன்றாகிய 2,140-க்குக் குறையும் 1,070-ஐ மாதாமாதம் கடனின் அசலில் கட்டுங்கள். கடன் தீர்ந்த மாதத்திலிருந்து முழுப் பங்கையும் கொடுக்கலாம். ‘அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே’ என்ற 2 கொரிந்தியர் 8:12 உங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது.

கடை வைத்திருக்கிறவர்களும் இதையே கேட்கிறார்கள். கல்லாவில் விழுவது வருமானம் அல்ல. மளிகையில் 10,000 ரூபாய் வியாபாரத்துக்கு லாபம் 800 என்றால் தசமபாகம் 80 ரூபாய். வியாபாரத்தின் பேரில் 1,000 கொடுக்கிறவர் சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்.

எங்கள் ஊரில் ஒரு முதியவர் இறந்தபோது, மூன்று வருஷச் சங்கப் பாக்கியைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று கமிட்டியார் நின்றுகொண்டார்கள். மகன் மனைவியின் கம்மலை அடகு வைத்துக் கட்டினான். இது சரியா ஐயா?
— வாசகர், பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்

சரியில்லை. அந்தக் கமிட்டியார் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, கம்மலை மீட்டுக் கொடுக்க வேண்டும்.

சங்கம் சபையார் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வருஷச் சந்தா. சபை ஊழியர் சம்பளமும் சேகரத்துக்கு (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்துக்கு) செலுத்த வேண்டிய பங்கும் அதிலிருந்து போகின்றன. அதை ஒழுங்காகக் கட்டுவது அங்கத்தினரின் கடமை. வாக்குரிமைக்குச் சந்தா பாக்கி இருக்கக் கூடாது என்று சபைச் சட்டங்கள் வைத்திருப்பதிலும் நியாயம் உண்டு. பிரேதத்தை வைத்துக்கொண்டு வசூல் செய்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. மாற்கு 12-ல் ஏழை விதவை இரண்டு காசு போட்டதைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம். அதற்குச் சற்று முன்னால், 40-ம் வசனத்தில், ‘விதவைகளின் வீடுகளைப் பட்சித்து’ நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி ஆண்டவர் பேசியதை ஏனோ விட்டுவிடுகிறோம்.

பாக்கி சேருவதற்குக் காரணம் பெரும்பாலும் கமிட்டியின் சோம்பல். வருஷம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, கல்யாண ஓலைக்கோ (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கோ) அடக்கத்துக்கோ ஆள் வரும்போது பிடிப்பது எளிதாக இருக்கிறது. இப்படிச் செய்து பாருங்கள்: ஆண்டின் பாதியில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூடிய உறையில் கணக்குச் சீட்டு போகட்டும். பாக்கி உள்ள வீட்டுக்கு இரண்டு பேர் நேரில் போய், முதலில் வீட்டு நிலைமையை விசாரிக்கட்டும். மாதத் தவணை கேட்டால் கொடுங்கள். முடியாதவர்களுக்குத் தள்ளுபடி செய்யுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ‘இந்த ஆண்டு இத்தனை குடும்பங்களின் சந்தா தள்ளுபடி’ என்று எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும், பெயர் வேண்டாம். அடக்கத்துக்கென்று சிறு நிதி ஒன்றை ஒதுக்கிவைத்தால், குழி வெட்டும் கூலிக்காகக்கூட துக்க வீட்டில் யாரும் கையேந்த வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுவோம். யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் பெயரோடு வாசிப்பது வேண்டாம். ரசீது எண்ணும் தொகையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். கொடுத்தவர் தன் எண்ணைப் பார்த்துக்கொள்வார், கணக்கும் வெளிச்சமாக இருக்கும், 50 ரூபாய் கொடுத்த பாட்டி தலைகுனிய மாட்டாள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஆளாளுக்குப் போட்டி போட்டுக் கேட்கிறார்கள். பிறகு பணம் கட்டுவதில்லை. போன வருஷப் பாக்கியே இன்னும் வரவில்லை. ஏலத்தையே நிறுத்திவிடலாமா?
— சபைப் பொருளாளர், திசையன்விளை பக்கம்

நிறுத்த வேண்டாம், முறைப்படுத்துங்கள். ஒரு வாழைத்தாரையும் நாலு தேங்காயையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்கிற சந்தோஷம் உறையில் கிடைக்காது.

கோளாறு கணக்கில் இருக்கிறது. ஏலத்தில் கேட்ட தொகையை வரவு என்று வாசித்துவிடுகிறீர்கள். பண்டிகை வரவு 2,40,000 என்று அறிவித்து, அதை நம்பி ஆலயத்துக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டால், கையில் 1,65,000-தான் இருக்கும். மீதிக் கூலிக்குக் கடன் வாங்க வேண்டிவரும். ஏலப் புத்தகத்தில் ‘கேட்டது’, ‘கட்டியது’ என்று இரண்டு பத்தி போடுங்கள். கட்டியதை மட்டும் வரவு என்று வாசியுங்கள். ஏலம் முடிந்த இடத்திலேயே சீட்டு எழுதி, எடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைக் கொடுங்கள். தவணை 30 நாள். பழைய பாக்கி உள்ளவரிடம் பண்டிகைக்கு முந்தைய வாரமே தனியாகச் சொல்லிவிட வேண்டும்: ‘அண்ணாச்சி, போன வருஷத்ததை முடிச்சிட்டு இந்த வருஷம் கேளுங்க.’ கூட்டத்தின் நடுவே சொன்னால் அது சண்டையில் முடியும்.

இன்னொரு யோசனை: முதல் ஒரு மணி நேரம் ஏலமே வேண்டாம், சந்தை விலைக்கு விற்பனை வையுங்கள். கூலி வேலை பார்க்கிறவரும் தன் பிள்ளைக்கு ஒரு முறுக்குப் பொட்டலமோ ஒரு சிப்பம் கருப்பட்டியோ வாங்கிப் பண்டிகையில் பங்கெடுக்கலாம். அதன்பின் ஏலத்தில் ஆடு, கோழியை முதலில் விடுங்கள். வெயிலில் கட்டிப்போட்டு மாலை வரை வைப்பது பாவம். அடுத்து கீரை, பால், பழம். அரிசியும் கருப்பட்டியும் கடைசி வரை கெடாது.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தினமும் சமைக்கும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசியை மறுபடியும் தொடங்க நினைக்கிறோம். 60 வீடுகள் இருக்கின்றன. எவ்வளவு சேரும்? முன்பு வண்டு பிடித்துக் கெட்டுப்போனதால்தான் நின்றது.
— சங்கச் செயலாளர், நாசரேத்

உலை வைக்கும்போது ஒரு பிடி என்றால் ஏறக்குறைய 40 கிராம். நாளைக்கு ஒருவேளை சோறு பொங்குகிற வீட்டில் மாதம் 1,200 கிராம் சேரும். 60 வீட்டுக்கு 72 கிலோ. எல்லா வீடும் எல்லா நாளும் போடாது என்பதால் 50 கிலோவை எதிர்பார்த்துத் திட்டம் போடுங்கள்.

வண்டு பிடிப்பதற்குக் காரணம், மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடப்பது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேகரியுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு துண்டு வசம்பு போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். ஈரக்கையோடு அரிசியை அள்ளிப் போட்டால் கட்டி பிடித்துப் பூசணம் வரும். சேகரித்த அன்றே சங்கத்தில் கொட்டி, புடைத்து, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டுங்கள். பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் தனித்தனிச் சாக்கு வேண்டும். கலந்துவிட்டால் ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும், அசனத்துக்குக்கூட (சபையாரின் பொது விருந்துக்குக்கூட) ஆகாது. ரேஷன் அரிசி வந்தால் அதை ஏலத்தில் விடாதீர்கள். அது விற்பனைக்குரியது அல்ல, சட்டச் சிக்கல் வரும். அசனச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அசனத்துக்கு ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்குப் போதும் என்று கணக்குப் போடலாம்.

சேர்ந்த அரிசி எங்கே போனது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுங்கள்: இத்தனை கிலோ விடுதிக்கு, இத்தனை கிலோ விற்று மிஷனெரி காணிக்கைக்கு என்று. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-ல் தொடங்கிய பிடி அரிசி இன்றும் அவர்கள் சபையின் மிஷனெரி ஊழியத்தைத் தாங்கி நிற்கிறது. நம் பக்கத்திலும் 1903-ல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பியது நம் சபையாரின் காணிக்கையைக் கொண்டுதான்.

ஆலய விரிவாக்கத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்ப ஆசைப்படுகிறார்கள். சபைக் கணக்குக்கே அனுப்பச் சொல்லலாமா?
— சேகரச் செயலாளர், மார்த்தாண்டம்

முதலில் ஒவ்வொருவரும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நிதி அல்ல. பாஸ்போர்ட் பிரதி ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டவரே. அவர் கொடுப்பது எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். பதிவு பெற்ற நிறுவனம்தான் அதை வாங்கலாம். அதுவும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய நிறுவனம் அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகையால் ஒரு ரூபாய் வாங்குமுன் திருமண்டல (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதியின்) அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுங்கள்.

‘என் அண்ணன் கணக்குக்குப் போடுகிறேன், அவர் சபைக்குக் கொடுப்பார்’ என்பார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனாலும் வேண்டாம். விசாரணை வந்தால் அண்ணனும் மாட்டுவார், சபையும் மாட்டும். உள்ளூர் நன்கொடையிலும் ஓர் எச்சரிக்கை: ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர்மேல் விழும்.

சபைக் காணிக்கைக்கு 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை) உண்டா?
— வாசகர், மதுரை

மதக் காரியத்துக்காகவே இயங்கும் சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்குக் கிடையாது. அதே திருமண்டலத்தின் மருத்துவமனை, விடுதி, முதியோர் இல்லம் தனியாகப் பதிவு பெற்றிருந்தால் அங்கே கொடுப்பதற்கு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை போய்விடும். புதிய வரி முறையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கும் இது கிடையாது. கொடுத்ததைவிடக் கூடுதலாக எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த ரசீதைத் தொடாதீர்கள்.

காணிக்கைப் பையில் கிழிந்த நோட்டுகள் நிறைய விழுகின்றன. அவற்றை என்ன செய்வது?
— எண்ணிக்கைக் குழுவில் இருக்கும் இளைஞர், பாளையங்கோட்டை

தனியாக எடுத்து வைத்து, எண்ணிக்கைத் தாளில் ‘கிழிந்தவை’ என்று தனி வரியில் எழுதுங்கள். அழுக்கான நோட்டையும் இரண்டாகக் கிழிந்த நோட்டையும் வங்கிக் கிளையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒரு பகுதி இல்லாமல் போயிருந்தால், 20 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள நோட்டில் பாதிக்கு மேற்பட்ட ஒரே துண்டு இருக்க வேண்டும், முழு மதிப்பு கிடைக்கும். 50-ம் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. பசை டேப் ஒட்டிச் சேர்க்காதீர்கள். வேறு வேறு நோட்டின் துண்டுகளோ என்ற சந்தேகம் வரும். 2,000 ரூபாய் நோட்டு இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால், அதைச் சாதாரண வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அஞ்சல் வழியாக அனுப்பி, சபைக் கணக்கில் வரவு வைக்கக் கேட்கலாம்.